பட்டியலில் இல்லாத பெயர்

அத்தியாயம் 14

போன வாரம் மாரிட்டை எங்கே விட்டோம்? டச்சு நாட்டின் க்ரோனிங்கன் நகரில், மாணவர் வீட்டுப் பொதுச் சமையலறையில், ஓட்ஸ் கஞ்சி பொங்கி அடுப்பெல்லாம் வழிய, கைப்பேசியை வெறித்துக்கொண்டு நின்றவளாக விட்டோம். மறுநாள் கரிம வேதியியல் பரீட்சை. எந்த மேஜை என்று பார்க்கப் போனாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் இருந்த பட்டியலில் அவள் பெயரைக் காணோம்.

பரீட்சைக்குப் பத்து நாள் முன்னதாகப் பதிவு செய்துவிட வேண்டும். பிரமாதமான வேலை ஒன்றும் இல்லை, ஒரு பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கடைசி நாளில் நம் பெண் படகுப் பயிற்சி முகாமில், கால்வாய்த் தண்ணீரில், உள்ளங்கைத் தோல் உரிய உரியத் துடுப்பு வலித்துக்கொண்டிருந்தாள். பொத்தான் ஞாபகம் வரவே இல்லை.

இது சாதாரணப் பரீட்சையாக இருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஏற்கெனவே ஒரு தடவை கோட்டை விட்ட பாடம் இது. ஜனவரியில் வந்த எச்சரிக்கைக் கடிதம் தெளிவாகச் சொல்லிவிட்டது: முதல் வருடத்துக்குள் இந்தப் பாடத்தில் தேறாவிட்டால் மருந்தியல் படிப்பிலிருந்து வெளியே. அதே படிப்புக்கு அதே இடத்தில் மூன்று வருடம் தலைகாட்டக்கூட முடியாது.

வாரம் முழுக்க அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் யாரும் அவளைச் சோம்பேறி என்று சொல்ல மாட்டார்கள். திங்களன்று துடுப்பு இயந்திரத்தில் இரண்டு கிலோமீட்டர் சோதனை, இறங்கி நேராக வாந்தி, வாயைக் கொப்பளித்துவிட்டு விரிவுரை. செவ்வாய் ஆய்வுக்கூடம். புதன் காலை எடை தூக்கல், மாலை குழு அறிக்கை. வியாழன் விடிகாலை தண்ணீர், அன்று சாயங்காலம் இந்த இடி. அழுதுகொண்டே அம்மாவுக்குப் போன் போட்டாள். அதுதான் அவள் செய்த இரண்டாவது தப்பு.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அம்மா ஹிங்கே திருப்பி அழைத்தாள்.

"மாரிட், அப்பா கெளம்பிட்டாரு."

"எங்க?"

"அங்கதான். உன்னக் கூட்டிட்டு வர. வேனைக் கழுவி, பின் சீட்டையெல்லாம் கழட்டிட்டாரு. உன் சாமானெல்லாம் ஒரே நடையில வந்துடும்னாரு."

"என்னம்மா சொல்றீங்க? பரீட்சை இன்னும் ஆரம்பிக்கவே இல்ல!"

"பேரே இல்லாத பரீட்சைய எப்படிடி எழுதுவ?"

"எழுதுவேன்."

"எப்படின்னு கேட்டேன்."

"போயி உக்காந்து எழுதுவேன்."

அம்மா பெருமூச்சு விட்டாள். "காலைக் கறவை முடிஞ்சதும் கெளம்பிட்டாரு. சாயங்காலம் அஞ்சு மணிக் கறவைக்குத் திரும்பியாகணும். அவர்கூட வாக்குவாதம் பண்ணாத, அவருக்கு முதுகு சரியில்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அப்பா ரின்ஸேவுக்கு எழுபத்திரண்டு பசுக்கள், ஒரு மனைவி, ஒரு மகன், ஒரு மகள். மகன் கப்பலில் வேலை பார்க்கிறான், வருடத்துக்கு இரண்டு தடவை வந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போவான். பசுக்களைப் பார்த்துக்கொள்ள இனி யார் என்ற கேள்வியை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் மாரிட் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அப்பா அவளைக் கொட்டகைக்குக் கூப்பிட்டுப் போய், புதிதாகப் பிறந்த கன்றுகளைக் காட்டி, எதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்பார். ஒன்பது கன்றுகளுக்கு அவள் பெயர் வைத்தாயிற்று. அந்தக் கன்றுகளில் எதுவும் மருந்தியல் படிக்கப் போகவில்லை என்பது அவருக்கு ஒரு திருப்தி.

அன்று காலை படகுத் துறையிலும் நிம்மதி இல்லை. மறுநாள் சனிக்கிழமை ஆம்ஸ்டல் ஆற்றில் பெரிய பந்தயம். முதல் வருட மாணவிகள் எட்டுப் பேர் வலிக்கும் படகில் மாரிட்டுக்கு ஐந்தாவது இடம். படகைக் கழற்றி, துடுப்பு தாங்கும் இரும்புக் கைகளை எல்லாம் பிரித்து, ட்ரெய்லரில் ஏற்றிக் கட்ட வேண்டும். எல்லாரும் சேர்ந்துதான் செய்ய வேண்டும். அந்தப் படகுக் கிளப்பில் அது எழுதாத சட்டம்: ஏற்றாதவர்களுக்கு இடம் கிடையாது.

"மூணு மணிக்கு ஏத்தறோம்" என்றான் யோஸ்ட். பயிற்சியாளர் என்றால் தாடி நரைத்த ஆசாமி என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றாம் வருடம் படிக்கிற பையன், சைக்கிளில் கரையோரமாக வந்தபடியே ஒலிபெருக்கியில் கத்துவதுதான் அவன் வேலை.

"எனக்கு ஒண்ணரைலேர்ந்து நாலரை வரைக்கும் பரீட்சை" என்றாள் மாரிட்.

"உன் பேர் இல்லன்னு நேத்து அழுதியே?"

"அழுதேன். இன்னிக்கி எழுதப் போறேன்."

யோஸ்ட் காதைச் சொறிந்தான். "மூணு மணிக்கு எட்டு ஜோடி கை வேணும். நான் போட்ட சட்டமில்ல இது. நீ வரலன்னா சில்கே வருவா. சில்கே ஏத்துனா சில்கேதான் வலிப்பா."

சில்கே சுவரோரமாக நின்று ஷூ நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். மாற்று ஆள். நல்ல பெண், கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த ஐந்தாவது இடத்தின் மேல் அவளுக்கு அக்டோபரிலிருந்தே கண்.

"ரெண்டையும் பண்றேன்" என்றாள் மாரிட். எப்படி என்று அவளுக்கே தெரியாது.

பரீட்சைக் கூடம் ஊர் ஓரத்தில், கப்பல் சரக்கு வைக்கிற கிடங்கு அளவுக்கு. மாரிட் ஒன்றே கால் மணிக்கு சைக்கிளைப் பூட்டிவிட்டு நிமிர்ந்தால், வாசலில் அப்பா நிற்கிறார். நீலப் பண்ணைச் சட்டை மாற்றவில்லை. மரக்கட்டைச் செருப்புக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை ஷூ மட்டும் போட்டிருந்தார். கூட்டம் கூட்டமாக மாணவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள்.

"ஏறு" என்றார், வேனைக் காட்டி. வணக்கம் கிடையாது, எப்படி இருக்கிறாய் கிடையாது.

"சாப்டீங்களாப்பா?"

"ஏறுன்னேன்."

"பரீட்சை இருக்கு."

"உங்கம்மா எல்லாம் சொல்லிட்டா. பேர் இல்லாத எடத்துல போயி எதுக்குக் கெஞ்சிக்கிட்டு? நம்ம வீட்ல யாரும் யார் வாசல்லயும் நின்னதில்ல."

"நான் கெஞ்சல. காத்துக்கிட்டு இருக்கேன்."

வாசலில் ஆரஞ்சு மேலங்கி மாட்டிய ஓர் அம்மாள் ஒரு பட்டியலோடு நின்றாள். திருமதி ஊஸ்டிங். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இப்படிப்பட்டவர்கள்தான் அங்கே பரீட்சைக்குக் காவல். பட்டியலை ஒரு தடவை பார்த்தாள், மாரிட்டின் மாணவர் அட்டையை ஒரு தடவை பார்த்தாள்.

"இல்லையேம்மா."

"தெரியும் மேடம். பதிவு பண்ண மறந்துட்டேன்."

"அப்ப அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லு. ரெண்டு மணிக்கு மேல காலி மேஜை இருந்தா உள்ள விடுவேன். இல்லன்னா இல்ல."

"இருக்கும்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம் கரிம வேதியியல் மேடம். முந்நூத்திப் பன்னெண்டு பேரும் வருவாங்களா?"

திருமதி ஊஸ்டிங்கின் உதடு ஓரம் லேசாக அசைந்தது. சிரிப்பா, பல்வலியா என்று சொல்வதற்கில்லை.

அப்பாவும் மகளும் கோட்டுக்கு வெளியே நின்றார்கள். மார்ச் மாதக் காற்று, கேட்க வேண்டுமா, காதைப் பிய்த்தது. இன்னொரு நெட்டைப் பையனும் பட்டியலில் இல்லாமல் வந்து நின்றான். பத்து நிமிடத்தில் தோளைக் குலுக்கிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டான்.

"பாத்தியா" என்றார் ரின்ஸே. "அவனுக்கு அறிவு இருக்கு."

"அவனுக்கு அடுத்த வருஷம் இருக்கு. எனக்கு இன்னிக்கிதான்."

"எல்லாம் அந்தப் படகால வந்த வினை. ஐஸ்ல சறுக்கினோமா, வீட்டுக்கு வந்தோமான்னு இருந்த குடும்பம். பின்னாடி பாத்துக்கிட்டு முன்னாடி போற வெளையாட்டு ஒனக்கு எதுக்கு? எங்க போறோம்னே தெரியாம!"

"அதுக்குத்தான் திசை சொல்ல ஒருத்தி முன்னாடி பாத்து உக்காந்துருக்காப்பா. நம்ம வீட்ல அதுவும் இல்ல."

சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. ரின்ஸே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபம் வந்தால் மகள் வீட்டில் பேசும் ஃப்ரிசிய மொழியை விட்டு டச்சுக்குத் தாவிவிடுவாள். கடைசி வாக்கியத்தை அவள் டச்சில்தான் சொன்னாள். அவருக்கு அதுதான் அதிகம் வலித்தது.

"படகையாவது விடு" என்றார், அவளைப் பார்க்காமலே. "படிப்பா, படகா? ஒண்ணச் சொல்லு. ஒண்ணச் சொன்னா நான் இப்பவே திரும்பிப் போயிடறேன்."

இது பெரிய சலுகை. அவர் இந்த அளவுக்கு இறங்கி வருகிறவர் இல்லை. மாரிட்டுக்கும் அது தெரிந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் வேன் கிளம்பிவிடும். ஆனால் அவள் தலை தானாகவே இடம் வலமாக ஆடியது.

"ரெண்டும்பா."

"ரெண்டும்னா ரெண்டும் போகும்."

"போனா போகட்டும். நானா ஒண்ண விட்டேன்னு இருக்காது."

சரியாக இரண்டு மணிக்குத் திருமதி ஊஸ்டிங் வரிசை வரிசையாக நடந்து எண்ணிவிட்டு வந்தாள். "பதினேழு மேஜை காலி. வா. ஆனா முதல்ல இதக் கேட்டுக்க." கையில் ஒரு மஞ்சள் படிவம். "பதிவு பண்ணாம எழுதறவங்க இதுல காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, இன்னிக்கி ஆறு மணிக்குள்ள மருந்தியல் துறை அலுவலகப் பெட்டியில போடணும். உன் விடைத்தாளைத் திருத்தறதா வேணாமான்னு தேர்வுக் குழு திங்கக்கிழமை முடிவு பண்ணும். உண்மையச் சொல்றேன், பாதிப் பேருக்கு மேல மாட்டேன்னுதான் சொல்லுவாங்க."

ரின்ஸே குறுக்கே வந்தார். "திருத்தவே மாட்டீங்கன்னா எதுக்கும்மா உள்ள விடறீங்க?"

"எழுத உரிமை இருக்கு ஐயா. திருத்தறது வேற."

"கேட்டியா? வா, போகலாம்" என்று மகளின் கையைப் பிடித்தார்.

மாரிட் கையை விடுவித்துக்கொண்டாள். பேனா, கணிப்பான், அட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு பையையும் கைப்பேசியையும் அப்பாவிடம் நீட்டினாள். "உள்ள எடுத்துட்டுப் போகக் கூடாது. வச்சிருங்க."

"இதுல உன் ரூம் சாவி இருக்கில்ல?"

"இருக்கு."

"அப்ப நான் போயிப் பெட்டி கட்டறேன்."

"கட்டுங்க. வந்து நானே அவுத்துக்கறேன்."

சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இருநூற்றுத் தொண்ணூற்றெட்டாம் எண் மேஜை. முப்பது நிமிடம் ஏற்கெனவே போயிருந்தது, ஐந்து கேள்விகள் காத்திருந்தன. முதல் கேள்வியைப் படித்தாள். தெரியும். இரண்டாவது, தெரியும். ட்ராமிலும் குளியலறையிலும் துடுப்பு இயந்திரத்தின் மேலும் மனப்பாடம் செய்த வேதிவினைகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. ட்ராம் என்றா சொன்னேன்? அந்த ஊரில் ட்ராம் ஏது, சைக்கிளில்தான். எழுதுகிற அவசரம் எனக்கும் தொற்றிக்கொண்டது, மன்னித்துவிடுங்கள்.

மூன்று மணிக்குச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டாள். பார்த்திருக்கக் கூடாது. இப்போது ஏழு பேரும் படகைத் தோளில் தூக்கியிருப்பார்கள். சில்கே ஐந்தாவது இடத்தில் தோள் கொடுத்திருப்பாள். இப்போது எழுந்து ஓடினால் பத்து நிமிடத்தில் போய்விடலாம். மூன்று கேள்விதான் முடிந்திருந்தது. மூன்று கேள்விக்குத் தேற முடியாது.

அப்பா சொன்னதுதான் நடக்கிறது என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரும் திருத்தாமல் போகக்கூடிய தாளுக்காகப் படகையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று தன் மேலேயே ஆத்திரம். அந்த ஆத்திரத்தை அப்படியே பேனாவில் ஏற்றி நான்காவது கேள்வியில் இறக்கினாள். எலக்ட்ரான்கள் எங்கே போகின்றன என்று காட்டும் அம்புக்குறிகள் ஒவ்வொன்றும் தாளைக் கிழிக்கிற மாதிரி விழுந்தன.

நாலரைக்கு மணி அடித்தது. ஐந்தாவது கேள்வி பாதியில் நின்றது.

வெளியே வந்தால் வேன் இல்லை. அப்பா இல்லை.

நிஜமாகவே பெட்டி கட்டப் போய்விட்டார்! சைக்கிளை மிதித்துக்கொண்டு மாணவர் வீட்டுக்குப் போனாள். வாசலில் வேன் இல்லை. மாடிக்கு ஓடினாள். கதவு பூட்டியிருந்தது. சாவித்துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால், காலையில் கலைத்துப் போட்ட படுக்கை, நாற்காலியில் தொங்கும் ஈரத்துண்டு, கடலை வெண்ணெய் டப்பா, எல்லாம் போட்டது போட்டபடி. மனிதர் இங்கே வரவே இல்லை.

பிறகு எங்கே போனார்? போன் பண்ணிக் கேட்கலாம் என்றால் போனே அவரிடம்தான் இருக்கிறது. ஊருக்கே திரும்பிவிட்டாரா? ஐந்து மணி ஆகப் போகிறது, கறவை நேரம். மாரிட் மறுபடி சைக்கிளில் ஏறினாள். இடம் போனாலும் போகட்டும், படகுத் துறைக்குப் போய்த் தன் வாயாலேயே சில்கேவுக்கு வாழ்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாவது.

படகுத் துறைக்குள் திரும்பும்போதே குரல் கேட்டது.

"கன்னுக்குட்டிய இப்படிக் கட்டினா ஹெயரன்வேன் ஊரத் தாண்டறதுக்குள்ள நடு ரோட்ல கெடக்கும்! அவுரு, அவுரு, முழுசா அவுரு!"

ட்ரெய்லர் மேல் அப்பா. நீலச் சட்டையின் கையை மடித்துவிட்டு, இரண்டாகப் பிரித்த படகின் வயிற்றுக்குக் குறுக்கே பட்டையை இழுத்துக்கொண்டிருந்தார். கீழே யோஸ்ட் கையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றான். ட்ரெய்லர் சக்கரத்தின் மேல் ஏறி நின்றுகொண்டு பீன் அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள். படகுக்குத் திசை சொல்கிறவள் அவள்தான், ஐம்பது கிலோகூடத் தேறாத பொடிசு.

"அஞ்சாம் நம்பர், இடது பக்கம் இன்னும் இறுக்கு!"

"இறுக்கிட்டேன்மா" என்றார் அப்பா, ரொம்பப் பணிவாக.

மாரிட்டுக்குச் சைக்கிளை நிறுத்தத் தோன்றவில்லை, அது பாட்டுக்குப் புல்லில் சாய்ந்தது. "இங்க என்னப்பா பண்றீங்க?"

ரின்ஸே குனிந்து பார்த்தார். "உன் போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பதினோரு தடவ. பன்னெண்டாவது தடவ எடுத்தேன். இந்தப் பையன் எடுத்தவொடனே, மூணு மணி ஆச்சு, நீ வரலன்னா உன் எடம் போச்சுன்னு கத்தறான். எம் பொண்ணு பரீட்ச எழுதறாடா, ஒனக்குக் கைதான வேணும், எத்தன ஜோடின்னு கேட்டேன். அந்த மாத்து ஆள விட்டா ஒண்ணு கொறையுதுன்னான்."

"இவர் வந்து இறங்கினதும் நாங்க என்ன சொல்றது?" என்றான் யோஸ்ட் பரிதாபமாக. "அஞ்சாவது இடத்துல போயி தோளக் குடுத்துட்டாரு. முதுகு சரியில்லன்னு வேற சொல்றாரு, ஆனா விடமாட்டேங்கறாரு."

"எட்டு ஜோடி கை வந்துது, நான் எண்ணினேன்" என்றாள் பீன். "சட்டம் அவ்வளவுதான். கை யாரோடதுன்னு சட்டத்துல இல்ல."

சில்கே தரையைப் பார்த்தபடி ஸ்பானரைப் பெட்டியில் போட்டாள். அவளுக்கு வருத்தம், ஆனால் மறுத்துப் பேசவில்லை.

மணி ஐந்தே கால். கறவை நேரம் தாண்டிவிட்டது. தனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா ஒரு கறவையைக்கூடத் தவறவிட்டதில்லை என்பது மாரிட்டுக்கு அப்போதுதான் உறைத்தது.

"பசுவெல்லாம்பா?"

"பக்கத்துப் பண்ணை ஹெய்ன் பாத்துக்கறான். அதப் பத்திப் பேசாத." ட்ரெய்லரிலிருந்து இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "எழுதினியா?"

"நாலு கேள்வி நல்லா. அஞ்சாவது பாதி."

"தேறுமா?"

"திருத்துனாத் தேறும்."

மஞ்சள் படிவத்தை எடுத்து ட்ரெய்லர் பலகையில் விரித்தாள். காரணம் என்று ஒரு கட்டம். யோஸ்ட் எட்டிப் பார்த்தான்.

"இதுக்கா கவலப்படற? முகாம்ல போனெல்லாம் வாங்கி வச்சது நாங்கதான. ஒரு வாரம் கிளப் கைல போன் இருந்துது, பதிவு பண்ண வழியில்லன்னு எழுது. நான் கீழ கையெழுத்துப் போடறேன். குழு மூச்சு விட முடியாது."

ரின்ஸேவின் முகம் மலர்ந்துவிட்டது. "எழுது, எழுது. பையன் புத்திசாலி."

மாரிட் பேனாவைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள்.

"காலைல வாங்கி, சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்னாடி திருப்பிக் குடுத்துட்டீங்களே."

"அது யாருக்குத் தெரியும்?"

"கடைசி நாளான அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் எங்கைல இருந்துது யோஸ்ட். உரிஞ்ச கையப் படம் எடுத்து எங்கம்மாவுக்கு அனுப்பினேன். அப்புறம் இவளோட உக்காந்து பூனை வீடியோ பாத்தேன்."

"நாலு வீடியோ" என்றாள் பீன்.

"பூனைய யாரும் கேக்கல" என்றார் ரின்ஸே. "எழுதுன்னா எழுது."

"இப்படி எழுதினா அடுத்த வருஷம் முகாமே கூடாதும்பாங்கப்பா. ஏழு பேரு, அதுக்கப்புறம் வர்றவங்க, எல்லாருக்கும் போகும். நான் மறந்ததுக்கு."

"உன் படிப்புடி!"

"ஆமா, என் படிப்பு. மறந்ததும் நாந்தான்."

கட்டத்தில் ஐந்து வரிகளுக்கு இடம் இருந்தது. அவள் ஒரே வார்த்தை எழுதினாள்: மறந்துவிட்டேன். கீழே கையெழுத்துப் போட்டாள். யோஸ்ட் தலையில் அடித்துக்கொண்டான். பீன் மட்டும், "லூசாடி நீ?" என்று கேட்டுவிட்டு அவள் தோளில் ஒரு குத்து விட்டாள்.

சைக்கிளை வேனில் ஏற்றிக்கொண்டு அப்பாவும் மகளும் மருந்தியல் துறை அலுவலகத்துக்குப் போனார்கள். பின் சீட்டு இல்லாத வேனில் சைக்கிள் மட்டும் தனியாக உருண்டு உருண்டு சத்தம் போட்டது. ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மாரிட் ஓடிப்போய்ப் படிவத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அவர் வண்டியைக் கிளப்பவில்லை.

"திங்கக்கிழம முடியாதுன்னுட்டா?"

"மேல்முறையீடு பண்ணுவேன்."

"அதுலயும் முடியாதுன்னா?"

"உட்ரெக்ட் ஊர்ல இதே படிப்பு இருக்கு. செப்டம்பர்ல மொதல்லேர்ந்து ஆரம்பிப்பேன். அங்கயும் ஆறு ஓடுது, படகு இருக்கும்."

"வீட்டுக்கு…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

மாரிட்டுக்குப் பயமாக இருந்தது. இரண்டு மணி நேரமாகத் தனக்காக முதுகு ஒடிய நின்ற மனிதரிடம் இதைச் சொல்லத்தான் வேண்டுமா? ஆனால் இன்றைக்குச் சொல்லாவிட்டால் ஒவ்வொரு கன்றுக்கும் பெயர் கேட்டுக்கொண்டே இருப்பார். இந்தத் தடவை டச்சில் சொல்லவில்லை. அவருடைய மொழியிலேயே சொன்னாள்.

"வீட்டுக்கு வருவேன்பா. வெள்ளிக்கிழமை வருவேன், ஞாயித்துக்கிழமை கெளம்பிடுவேன். பண்ணைக்கு வர மாட்டேன். செயிச்சாலும் வர மாட்டேன், தோத்தாலும் வர மாட்டேன்."

ரின்ஸே ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒரு வருடமாக அவர் கேட்கப் பயந்த பதில் அது. முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"உங்கம்மா மேல் ரூமுக்குப் பெயின்ட் அடிச்சிருக்கா" என்றார் கடைசியில். "நேத்து ராத்திரி உன் போன் வந்ததும் தொடங்கினா. மஞ்சள். உனக்குப் புடிக்கும்னு."

அப்பாவின் சட்டைப் பையிலிருந்த அவளுடைய கைப்பேசி அடித்தது. அவர் எடுத்துப் பார்த்தார். அம்மா.

"நீயே சொல்லு" என்று அவள் கையில் வைத்தார். "என்னால முடியாது."

எடுத்தாள். எடுத்த எடுப்பிலேயே ஹிங்கேவின் குரல் உற்சாகமாகக் கொட்டியது. "எங்கடி இருக்கீங்க? ஹெய்ன் கறந்து முடிச்சிட்டுப் போயிட்டான். பட்டாணி சூப் வச்சிருக்கேன், ஆறிடப் போகுது. பெட்டியெல்லாம் ஏத்தியாச்சா?"

"இல்லம்மா" என்றாள் மாரிட். குரல் உடைந்தது, உடைந்தாலும் நிறுத்தவில்லை. "நான் வரல. நாளைக்கு ஆம்ஸ்டல்ல எனக்குப் போட்டி இருக்கு. அஞ்சாவது எடம். நீங்க வந்து பாக்கறீங்களா?"

மறுமுனையில் அம்மா கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.